கார்க்கொட்டாய் உயர்ந்த வருஷம்

சுங்கை மெராக்கில் ஒருத்தர் வீடு கட்டப் போகிறார் என்றால், மரம் வாங்குவதற்கு முன்னாலேயே ஆசாரி வந்து வீட்டுக்காரியின் வலது கையைக் கேட்பார், அவளும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெட்கத்தோடு நீட்டுவாள், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரைக்கும் ஒரு பிரம்பை வைத்து வெட்டி எடுத்துக்கொண்டு போவார், அந்தப் பிரம்புதான் பிறகு தூணுக்கும் உத்தரத்துக்கும் வாசலுக்கும் சன்னலுக்கும் அளவு, வேறெந்த அடிக்கோலும் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது, ஏனென்றால் ஒரு பெண்ணின் முழத்தால் எழுப்பின பலகை வீடு அவள் சொன்னபடி கேட்கும், அவள் மனசு போகிற பக்கம் அதுவும் போகும் என்று அந்த ஆற்றங்கரையில் மலாய்க்காரரும் சொல்வார்கள், நம் ஆட்களும் சொல்வார்கள், சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

செங்கமலத்தின் வீடு அப்படி எழும்பினதுதான். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் மாமனார் ஆசாரி பாக் லேமானைக் கூப்பிட்டு மருமகள் கையை அளக்கச் சொன்னார். நல்ல நெடுநெடுவென்ற பெண், கையும் அதற்கேற்ற நீளம், அதனால் அந்தக் கரையிலேயே ஒசந்த வீடு அவளுடையதாகிப் போனது, வெள்ளத்துக்குப் பயந்து எல்லாருமே தூண் மேல்தான் வீடு வைத்திருந்தார்கள் என்றாலும் அவள் வீட்டுக்கு அடியில் மட்டும்தான் ஓர் ஆள் தலையில் விறகுக்கட்டு வைத்துக்கொண்டு குனியாமல் நடந்து போகலாம். அங்கே வாத்துகள் படுத்திருந்தன, அவள் புருஷன் தண்ணிமலையின் சைக்கிள் நின்றது, வெயில் நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டார்கள். செங்கமலம் படியின் உச்சியில் நின்றுகொண்டு கீழே பார்த்துப் பேசுவாள், வந்தவர்கள் வெற்றிலைபாக்கு வைக்க வந்தவர்களானாலும் கோயில் வரி கேட்க வந்தவர்களானாலும் அண்ணாந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும், இப்படியே வருஷக்கணக்காகப் பேசிப் பேசி அவள் கழுத்து கொஞ்சம் முன்னால் வளைந்தே நின்றுவிட்டது.

மாமனார் சாகிறதற்கு முன்னால் ஒரு பழைய மோரிஸ் காரை வாங்கி வந்தார், டவுனுக்கு ஆள் ஏற்றிப் போகலாம் என்று. காரை நிறுத்த வீட்டை ஒட்டினாற்போல ஒரு கொட்டாய் வேண்டியிருந்தது. பாக் லேமான் பிரம்பும் கையுமாக வந்து படிக்குக் கீழே நின்றார். அன்றைக்கு செங்கமலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னது ஊர் முழுக்க ஞாபகம் இருந்தது.

"கார் நிக்கிற எடத்துக்கெல்லாம் என் கையா? அந்தப் புதுப்பொண்ணு கையில அளந்துக்குங்க, அது போதும்."

புதுப்பெண் என்றது கொழுந்தன் ஆறுமுகத்தின் பெண்டாட்டி புஷ்பலீலாவை. கல்யாணமாகி வந்து கழுத்து மஞ்சள் இன்னும் காயவில்லை. சின்ன உருவம், கை அகப்பைக்காம்பு மாதிரி. எதற்கென்று தெரியாமலே சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள், பாக் லேமானும் அளந்துகொண்டு போனார், கொட்டாய் குள்ளமாகவே எழும்பியது. பிறகு மாமனார் போய்ச் சேர்ந்தார். பாகம் பிரித்தபோது பெரியவனுக்கு வீடு, சின்னவனுக்குக் கார் என்று ஆயிற்று, கார் கிடைத்தவன் கார்கிட்டயே இருக்கட்டும் என்று கொட்டாயை ஒட்டி ஒரு பலகை அறை இறக்கிக் கொடுத்தார்கள், ஆறுமுகமும் புஷ்பலீலாவும் பிறகு பிறந்த அவர்களுடைய சின்னப் பெண்ணும் அங்கேதான் குடித்தனம்.

செங்கமலம் சமையல்கட்டுச் சன்னலில் நின்றால் அந்தக் கொட்டாயின் தகரக் கூரை அவள் கண்ணுக்குக் கீழே கிடக்கும். துரு எங்கே பிடித்திருக்கிறது, காற்றில் எந்த ஆணி கழன்றிருக்கிறது, எல்லாம் தெரியும். மழை பெய்தால் அவள் வீட்டு இறவாணத் தண்ணீர் தடதடவென்று அந்தத் தகரத்தில் கொட்டும். சமையல்கட்டு வாசலிலிருந்து கொட்டாய் வாசலுக்குக் கோழி ஏறுகிற பலகைபோலக் குறுக்குச்சட்டம் அடித்த ஒரு சாய்வுப் பலகை போட்டிருந்தார்கள், குழம்பு மீந்த நாளில் செங்கமலம் அதில் இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு ஏறி வருவாள். கொடுப்பதற்கு இறங்குவதும் கொடுத்துவிட்டு ஏறுவதும் அவளுக்குப் பிடித்திருந்தது.

எல்லாம் அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தது. சாயந்திரமானால் கொட்டாயிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஆறுமுகம் ஏதோ சொல்வான், அவள் சிரிப்பாள், திரும்ப ஏதோ சொல்வான், அவள் மூச்சு முட்டிப் போய் "போதும்யா, வயிறு வலிக்குது" என்பாள், அப்புறமும் சிரிப்பாள். தண்ணிமலை பலகை ஆலையில் வேலை செய்துவிட்டு வந்து, குளித்து, சோற்றைத் தின்று, ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு படுத்துவிடுகிற மனுஷன். குடி இல்லை, அடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, சிரிப்பும் இல்லை. கட்டிக்கொடுத்த மகள் பேறுகாலத்துக்கு வந்து பேரப்பிள்ளையை அவர் கையில் கொடுத்தபோதுகூட மூக்கைச் சொறிந்துகொண்டு "நல்லாருக்கு" என்றுதான் சொன்னார். அப்படி என்னதான் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று செங்கமலம் சன்னலோரம் அரிசி புடைக்கிற சாக்கில் நின்று காது கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத சிரிப்பு இன்னும் எரிச்சலாக இருந்தது, பச்சை மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்ததுபோல ஓர் எரிச்சல், அது கண்ணிலிருந்து இறங்கி நெஞ்சுக்குப் போய், நெஞ்சிலிருந்து இறங்கி வயிற்றில் உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் காலையில் சன்னலைத் திறந்தவள் கொட்டாய்க் கூரை சன்னலின் அடிக்கட்டைக்கு நேராக வந்து நிற்பதைப் பார்த்தாள். நேற்றுவரை கீழே கிடந்த கூரை அது. அவள் கூச்சல் போடவில்லை. புருஷனை எழுப்பி, "உங்க தம்பி கொட்டாய ஒசத்திட்டாப்ல, நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டாப்லயா?" என்றாள். தண்ணிமலை எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம், கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். ஆறுமுகத்தைக் கேட்டதற்கு, நான் ஒன்றும் செய்யவில்லையே அண்ணி, தரைக்கு ஆற்று மணல் கொண்டுவந்து போட்டேன், அதற்காகக் கூரை ஏறுமா என்றான்.

ஆனால் ஏறிக்கொண்டுதான் இருந்தது. சாயந்திரம் சிரிப்பு கேட்கும், காலையில் கூரை ஏறியிருக்கும். ஊர் மெதுவாகக் கவனித்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரி காக் சோம்தான் முதலில் வந்து வேலியோரம் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, தன் தாய்வழியில் ஒருத்தர் வீட்டுக் கிணறு இப்படித்தான் வளர்ந்தது, பயப்பட ஒன்றும் இல்லை, தினமும் ஒரு வாய் மஞ்சள் சோறு வைத்தால் போதும் என்றாள். மறுநாள் அவளே சோறும் வைத்தாள். கோயில் தலைவர் வைரக்கண்ணு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கொட்டாயைச் சுற்றி நடந்து, கோயில் கொடிமரத்தைத் தாண்டாதவரைக்கும் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று அறிவித்தார். ஊரில் டெலிவிஷன் வைத்திருந்தவர்கள் கொட்டாய் முகட்டில் ஒரு பொது ஏரியல் கட்டிக் கம்பி இழுத்துக்கொண்டார்கள், வாரத்துக்கு ஒருமுறை போடுகிற தமிழ்ப்படத்தில் அதுவரைக்கும் தெரியாத முகமெல்லாம் தெரிகிறது என்றார்கள். பிள்ளை உயரமாக வளரவில்லை என்று கவலைப்பட்ட தாய்மார்கள் பிள்ளையைக் கொண்டுவந்து காரின் முன்மூடியில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள், ஆறுமுகமும் காரைத் துடைத்து வைத்தான். வந்தவர்கள் சும்மா வருவார்களா, ரவிக்கைத் துணியும் கொண்டுவந்தார்கள், புஷ்பலீலா அம்மா வீட்டுச் சீதனமாக வந்த தையல் மிஷினில் தைத்துக் கொடுத்தாள். ஆறே மாசத்தில் செங்கமலத்தின் வீட்டுக்கு அடியில் பேன் பார்க்க ஆளே இல்லை. எல்லாரும் கொட்டாயில்.

செங்கமலம் சன்னலை மூடிப் பார்த்தாள். மூடின சன்னலின் இடுக்கு வழியாகப் பார்ப்பது திறந்து பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. திறந்தே வைத்தாள். சாய்வுப் பலகையின் சாய்வு குறைந்துகொண்டே வந்தது, இப்போதெல்லாம் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போனால் இறங்குகிற மாதிரியே இல்லை, வந்தால் ஏறுகிற மாதிரியும் இல்லை, அதனால் அவள் குழம்பு கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். ஒரு மழைநாளில் கொட்டாய்க் கூரைத் தண்ணீர் அவள் சமையல்கட்டுக்குள் சாரலடித்தது. அன்றைக்கு அடுப்பு அணைந்துபோனதற்காக அழுதாள் என்று தண்ணிமலை நினைத்தார், ஒரு தகரப் பீலி அடித்துத் தருகிறேன் என்றார். அடித்தும் கொடுத்தார், அடித்துவிட்டு வீட்டுக்கு அடியில் சைக்கிளை எடுக்கப் போனவர் உத்தரத்தில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டார். அந்த மாசம் முழுக்க இடித்துக்கொண்டே இருந்தார். இந்த வயதில் வளர்கிறேனா என்று சலித்துக்கொண்டு சைக்கிளை வெளியில் நிறுத்த ஆரம்பித்தார். வாத்துகள் முதலில் தலையைக் குனிந்து போய்ப் படுத்தன, பிறகு படுக்கவே போகவில்லை. விறகை எடுத்து வெளியே அடுக்கினார்கள். இதையெல்லாம் யாரும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை, ஊர்க்கண் மொத்தமும் கொட்டாய் முகட்டில் இருந்தது.

மாவட்ட ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி முக்காலி வைத்த அளவுக் கருவியோடு வந்தார், அனுமதியில்லாமல் கொட்டாய் வளர்வதாக யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். யார் எழுதியது என்று எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் செங்கமலத்தைப் பார்க்கவில்லை. அவர் கருவியை வைத்து, ஒற்றைக்கண்ணால் பார்த்து, நடந்து போய் இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில், கொட்டாய் கட்டின உயரத்தில்தான் இருக்கிறது, ஒரு விரல்கூட ஏறவில்லை என்றார். ஊர்க்காரர்களுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படித்த பிள்ளை, வெயிலில் வந்திருக்கிறது என்று அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேநீரும் கொடுத்து, நீங்கள் சொல்வதும் சரிதான் என்று சமாதானம் சொல்லி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் செங்கமலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். எதிரே கொட்டாயில் கூட்டம். புஷ்பலீலா வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு யாருக்கோ தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள், எடுத்துக்கொண்டே சிரித்தாள். செங்கமலத்தின் வயிற்றில் அந்த எரிச்சல் திரும்பிப் படுத்தது. அப்போது அவள் உள்ளங்காலில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. குனிந்து பார்த்தாள். மண். வாசற்பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் காற்றில்தான் கால் ஆடும், பல வருஷமாக அப்படித்தான் ஆடியது, இப்போது இரண்டு பாதமும் தரையில் அப்பிக்கொண்டு நின்றன. படிகளைத் தேடினாள். மேல்படி மட்டும் புல்லோடு புல்லாக ஒரு பலகையாகக் கிடந்தது, மற்றதெல்லாம் மண்ணுக்குள் போயிருந்தது. கொட்டாய் ஏறவில்லை. அவள் வீடு இறங்கியிருக்கிறது. அண்ணாந்து பார்த்துப் பார்த்து, காலுக்குக் கீழே போனது தெரியாமல் இருந்திருக்கிறாள்.

பாக் லேமானைக் கூட்டி வந்தார்கள். அவர் தரையோடு தரையாக நின்ற வீட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, மரம் நன்றாக இருக்கிறது, தூணும் நன்றாக இருக்கிறது, கோளாறு மரத்தில் இல்லை என்றார். யாருடைய முழத்தால் எழும்பின வீடு என்று ஊருக்கே தெரியும். ஒவ்வொருவராகச் செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் பொறாமை அவள் நெஞ்சுக்குள் இருக்கிறவரை அவளுக்கு மட்டும்தான் தெரியும், செங்கமலத்துக்கோ அது வீட்டளவு பெரிசாக, ஊர் நடுவில், எல்லாரும் கைவைத்துப் பார்க்கிற மாதிரி நின்றது. அவள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள், அந்த வெட்கத்தில் வீடு இன்னும் ஒரு சாண் உள்ளே போனது.

பெருமழைக் காலம் வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆறு ஏறி வரும், ஏறி வந்தால் ஊரில் பாதிப்பேர் சாமான்செட்டோடு செங்கமலத்தின் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள், ஒசந்த வீடு அது ஒன்றுதான். இந்த வருஷம் எங்கே போவது? அதனால் வைரக்கண்ணு கோயிலில் கூட்டம் போட்டார். திட்டிப் பயனில்லை, ஒருத்தி மனசை ஏற்றத்தான் வேண்டும், அதனால் முறை வைத்துத் தினம் ஒரு வீட்டார் போய் செங்கமலத்தைப் புகழ்ந்துவிட்டு வரவேண்டும் என்று முடிவானது. தாமே முதல் நாள் போனார். கோயில் விசேஷத்துக்குப் பேசுகிற குரலில், இந்த அம்மாள் வைக்கிற புளிக்குழம்புக்கு ஈடாக இந்த மாநிலத்திலேயே ஒன்றும் இல்லை என்றார். வீடு முனகிக்கொண்டு கொஞ்சம் எழும்பியது. மறுநாள் காக் சோம் வந்து, உன் கூந்தலைப் பார்த்துத்தான் நான் எண்ணெயே மாற்றினேன் என்றாள். இன்னும் கொஞ்சம். ஒரு கிழவர் சொல்ல ஒன்றும் தோன்றாமல், உன் வாத்துகள் மிகவும் ஒழுக்கமானவை என்று சொல்லிவிட்டுப் போனார், அதற்கும் ஒரு விரற்கடை ஏறியது. செங்கமலத்துக்குத் தெரியும் எல்லாம் முறைக்காகச் சொல்வது என்று. தெரிந்தும் ஏறியது, பகலெல்லாம் ஏறி, விடிவதற்குள் பாதி இறங்கிவிடும், மறுநாள் முறைக்காரர் வந்து விட்ட இடத்திலிருந்து தூக்க வேண்டும். ஒருவழியாக மழை தொடங்குகிறபோது படிகள் எல்லாம் வெளியே வந்திருந்தன, வீடு பழைய உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது.

புஷ்பலீலா மட்டும் முறைக்கு வரவில்லை. அவளை வரச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

ஆறு ஒரு மத்தியானத்தில் ஏறி வந்தது. முதலில் நாற்றம் வந்தது, பிறகு தவளைகள், பிறகு சேற்றுநிறத்தில் அகலமாக, சத்தமே போடாமல் தண்ணீர். ஆறுமுகம் காரை மேட்டுச் சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடி வந்தான், தையல் மிஷினைத் தூக்கக் கை போதவில்லை, கொட்டாய் விட்டத்தோடு கயிற்றால் தூக்கிக் கட்டிவிட்டுப் பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு மனைவியோடு அண்ணன் வீட்டுப் படியேறினான். காக் சோம் பாயும் பூனையும் கொண்டு வந்தாள். வைரக்கண்ணு உற்சவ அம்மனைப் பட்டுத்துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஆடு வந்தது, கோழி வந்தது, முறை வைத்துப் புகழ்ந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். செங்கமலம் படி உச்சியில் நின்று, வாங்க, வாங்க, காலைத் துடைச்சிட்டு வாங்க என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே விட்டாள். பெரிய அண்டாவில் கஞ்சி வைத்தாள். வீட்டுக்கு அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடுவது பலகை இடுக்கில் தெரிந்தது, ஆனால் ஒரு முழத்துக்குக் கீழே, அதனால் யாருக்கும் பயமில்லை. பல மாசத்துக்குப் பிறகு அவள் நெஞ்சு நிறைந்திருந்தது. கொட்டாய் அதோ பாதித் தண்ணீரில் நின்றது. அவள் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கஞ்சியைக் கிளறினாள்.

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் நடந்தது. புஷ்பலீலா சுவரோரம் தண்ணிமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அந்த ஆடு வைரக்கண்ணுவின் வேட்டி நுனியை மெல்வதைப் பார்த்து மெதுவாக என்னவோ சொன்னாள். தண்ணிமலை சிரித்தார். புன்னகை இல்லை, வாய் திறந்து, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. செங்கமலம் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இந்தச் சிரிப்பு இந்த மனுஷனுக்குள் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. அவளோடு சாப்பிட்டிருக்கிறது, அவளோடு படுத்திருக்கிறது, ஒருநாளும் அவளுக்கென்று வெளியே வரவில்லை.

வீடு தொபுக்கென்று இறங்கியது. பலகை இடுக்குகளிலிருந்து சேற்றுத்தண்ணீர் மேலே கிளம்பிப் பாய்களை நனைத்தது.

யாரும் அலறவில்லை. எல்லாரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள், அத்தனை கண்ணும், ஆட்டின் கண் உள்பட. வைரக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தக் கஞ்சிக்கு ஈடாக இந்த மாநிலத்திலேயே என்று ஆரம்பித்தார். வீடு அசையவில்லை. காக் சோம் கூந்தலைப் பற்றிச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் இறங்கியது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, பிள்ளைகளைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்தார்கள். செங்கமலம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று தன் நெஞ்சிடம் கெஞ்சினாள். கெஞ்சினால் கேட்கிற நெஞ்சா அது. நான் இறங்கினால் இத்தனை பேரும் என்னோடு இறங்குவார்கள் என்று நினைக்க நினைக்க அந்தச் சிரிப்புத்தான் மறுபடி மறுபடி காதில் கேட்டது.

புஷ்பலீலா எழுந்து நின்றாள். புடவை நுனியைப் பிழிந்துவிட்டு, சண்டைக்கு நிற்கிற மாதிரி செங்கமலத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நான் முறைக்கு வரல. ஏன் தெரியுமா? பொய்யா சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. நெசமா சொல்ல நெறைய இருக்கு, அத வாய் விட்டுச் சொன்னா என் வூடு போயிடும்."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் படிக்குக் கீழே நின்று பார்த்தபோது தனக்கு முதலில் தெரிந்தது அக்காவின் கால்விரலும் மெட்டியும்தான், முகம் பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கே வயிறு எரிந்துவிட்டது என்றாள். உங்கள் இறவாணத் தண்ணீர் என் தலைக்குமேல் தகரத்தில் கொட்டும்போதெல்லாம், எனக்கு விழுகிற மழைகூட உங்கள் வீட்டில் விழுந்த மிச்சம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன் என்றாள். நீங்கள் கொடுத்த குழம்பை ஒருநாளாவது தரையில் ஊற்றிவிட வேண்டும் என்று இருந்தேன், ருசியாக இருந்ததால் தின்று தொலைத்தேன் என்றாள். அவள் பேசப்பேச நனைந்த பலகைகள் முனகின. தண்ணீர் கணுக்காலை விட்டு இறங்கியது.

"எம் பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்போ என்னா சொன்னிச்சி தெரியுமா? பெரியம்மா வூட்டுல படுக்கணும்னு அழுதிச்சி. நான் பெத்தது. அன்னிக்கி ராவே கொட்டாய் எறங்கிடிச்சி அக்கா. கார் சக்கரம் பாதி மண்ணுல. உங்க கொழுந்தன் ஆத்து மணலக் கொண்டாந்து கொட்டிக் கொட்டித்தான் தரைய ஏத்தினாரு. மனசு எறங்கறப்பல்லாம் எதாவது சொல்லி என்னச் சிரிக்க வெப்பாரு. சிரிச்சாத்தான் பழையபடி ஏறி நிக்கும். அதுக்குத்தான் அத்தன சிரிப்பு. உங்க வூட்டப் பாத்து எரிஞ்சி எரிஞ்சி, எறங்காம இருக்கணும்னு சிரிச்சேன்."

செங்கமலம் கண்ணைத் திறந்தாள்.

ஆறுமுகம் சன்னலோரம் நின்றிருந்தான். அங்கே கொட்டாய் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது, ஆறு ஏறியதால் அல்ல, கொட்டாய் தானாகவே, ஒரு மாடு முட்டி மடக்கிப் படுக்கிற மாதிரி. விட்டத்தில் கட்டின தையல் மிஷின் எப்போதோ தண்ணீருக்கு அடியில். அவன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான், நிறுத்து என்று அவன் சொல்லவில்லை, அவளும் சன்னல் பக்கம் திரும்பவில்லை, கை விரல்களைக் கோத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். உங்கள் உயரம் எனக்கு வேண்டும் என்றாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் நீங்கள் வாயைத் திறந்தால் நாலு பேரும் வாயை மூடுகிறார்களே, அது எனக்கு வேண்டும் என்றாள். இந்த வெள்ளத்தில்கூட ஊரே உங்கள் படி ஏறி வருகிறது, நானும் ஏறித்தான் வந்தேன், ஒவ்வொரு படிக்கும் வயிறு எரிந்தது என்றாள். அவள் குரலில் முறைக்காரர்களின் இனிப்பு கொஞ்சமும் இல்லை, கசந்து, காய்ந்து, நிஜமாக இருந்தது.

வீடு ஏறியது. தண்ணீர் பலகைக்குக் கீழே போனது, பிறகு ஒரு முழத்துக்குக் கீழே போனது. பிள்ளைகளைப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இது போதும் என்று எல்லாருக்கும் தெரிந்தது, செங்கமலத்துக்கும் தெரிந்தது. சன்னலில் கொட்டாயின் முகடு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்ததும் அவளுக்குத் தெரிந்தது. இப்போது நிறுத்து என்று சொன்னால் அந்தக் கோடாவது மிஞ்சும். ஆனால் தன்னைப் பார்த்து ஒருத்தி இத்தனை வருஷம் எரிந்தாள் என்பதைத் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி அவள் குடித்துக்கொண்டிருந்தாள், ஆயுசு முழுக்க யாரும் அவளுக்கு இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை.

"இன்னும்?" என்றாள்.

புஷ்பலீலா அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சொன்னாள், அந்த நீண்ட கையை, அந்தக் கழுத்தை, தண்ணிமலையின் அமைதியை, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அந்தக் குடித்தனத்தை. கோடு மறைந்தது. ஏரியல் கம்பி மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடியது. அப்போதுதான் செங்கமலம் கரண்டியைக் கீழே வைத்தாள், கொழுந்தன் பெண்டாட்டியின் ஈரமான தோளைப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைத்தாள்.

"போதும் லீலா. கஞ்சி ஆறிடப் போவுது."

தண்ணீர் வடிந்தபோது கொட்டாய் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது, அதில் ஏரியல் கம்பி மூங்கில் முளை மாதிரி நின்றது. தோண்டிப் பார்க்கலாம் என்று ஆறுமுகம் சொன்னான், புஷ்பலீலா வேண்டாம் என்றுவிட்டாள். அவர்கள் அண்ணன் வீட்டிலேயே தங்கிக்கொண்டார்கள், பின்பக்கத்து அறை அவர்களுக்கு, அடுப்பு இருவருக்கும் ஒன்று. செங்கமலம் புது மிஷின் ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று புருஷனிடம் பிடிவாதம் பிடித்து வாங்கி வந்தாள், வந்த பிறகு அதைத் தன் அறையில்தான் வைத்தாள்.

அந்த வீடு இன்றைக்கும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. காலையில் கொஞ்சம் எழும்பும், உச்சிப்பொழுதில் இறங்கும், சில சமயம் ஒரே மூச்சில் இரண்டும் செய்யும், அடியில் பேன் பார்க்கிற பெண்கள் தலையைத் தாழ்த்தியும் நிமிர்த்தியும் பழகிவிட்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது சாலையில் நின்று, என்ன இது, வீடு மூச்சு விடுகிறதா என்று கேட்டால், சுங்கை மெராக்காரர்கள் நின்று பார்ப்பதுகூட இல்லை.

"அதுவா, ஒரே அடுப்புல ரெண்டு பேரும் சமைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.